சிலுப்பாத கிடாய்

“தவசி. நிலுவைத் தொகை, ரூபாய் தொண்ணூற்று ஏழாயிரத்து நானூற்று அறுபது.”

இதைச் சொன்னது தனபால் முதலாளியின் மேசைமேல் இருக்கிற பெட்டி. டீக்கடையில் பணம் வந்துவிட்டது என்று கத்துகிற பெட்டி இருக்கிறதே, அதுதான் இப்போது வளர்ந்து இப்படி வந்து நிற்கிறது. சனிக்கிழமை கூலிக்கு வரிசையில் நின்றால், எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்து அவன் பேரையும் அவன் கடனையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லும். பொம்பளைக் குரல். கோபமே இல்லாத குரல். ஒருநாளாவது சலித்துக்கொண்டு சொன்னால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

“கிடாய்க்குப் பதினோராயிரத்து ஐநூறு சேத்திருக்கேன். சரிதானய்யா?” என்றார் முதலாளி.

“சரிங்கய்யா.”

மிச்சமெல்லாம் என் மகள் அனுசுயாவின் ஆஸ்பத்திரிச் செலவு. டெங்கு வந்து ரத்தத்தில் அணு குறைந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது, முதலாளி கேட்டவுடன் கொடுத்தார். அதைக் குறை சொல்லக்கூடாது. அன்றைக்கே என் பெண்டாட்டி சொர்ணக்கிளி, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் காட்டுக் கருப்புக்கு ஒரு கிடாய் வெட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. கருப்புக்குக் கிடாய் பாக்கி.

கிடாயை முதலாளியிடம்தான் வாங்கியாக வேண்டும். மதுரைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் ஆடு மேய்ப்பதில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சோலார் தகடாகிவிட்டது. ஆடு என்றால் தனபால் முதலாளியின் கொட்டகை. நாலாயிரம் உருப்படி. அதில் வேலை பார்க்கிற பதினேழு பேரில் நான் ஒருத்தன்.

அந்தக் கொட்டகை ஆடுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்ல ஆரம்பித்தாலோ எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்று வருஷமாக அதுகளுக்குப் புல் கிடையாது, குழை கிடையாது. மூட்டையில் வருகிற தீவனம்தான். சுண்ணாம்பு நிறத்தில் மாத்திரை மாத்திரையாக இருக்கும். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பது தாண்டி, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். அப்படி நான் முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்தது அந்த மூட்டையைத்தான். ‘அமைதி. அச்சமில்லா இறைச்சி’ என்று போட்டிருந்தது. அதைத் தின்கிற ஆட்டுக்குப் பயம் என்பதே வராது. பயந்து செத்த ஆட்டின் கறி விறைத்துப் போகுமாம், பயப்படாமல் செத்தால் பஞ்சு மாதிரி இருக்குமாம். ஆட்டின் கழுத்தில் ஒரு பட்டை. பச்சை விளக்கு எரிந்தால் பயமில்லை, சிவப்பு எரிந்தால் பயம். பச்சை எரிகிற ஆட்டுக்குத்தான் பட்டணத்திலும் துபாயிலும் விலை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வந்து மேய்த்துப் பார்க்க வேண்டும்.

முன்னெல்லாம் “ஏய்” என்று ஒரு அதட்டல் போட்டால் நூறு ஆடு அங்கிட்டுப் போகும். இப்போது தொண்டை கிழியக் கத்தினாலும், “என்ன விஷயம்?” என்கிற மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு நம் காலை மிதித்துக்கொண்டே நிற்கும். லாரி வந்தால் விலகாது. டிரைவர் ஹார்னை அமுக்கு அமுக்கென்று அமுக்குவான். ஒவ்வொன்றாக நான்தான் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். ஒரு தடவை வெறிநாய் ஒன்று உள்ளே புகுந்து ஒரு பெட்டையின் தொடையைக் கவ்விவிட்டது. மற்றதெல்லாம் அசைபோட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தன. கடிபட்டது வலியில் கத்தியது. கத்திவிட்டு, அந்த நாயின் மூஞ்சியை மோந்து பார்க்கப் போனது. நாய்க்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, விட்டுவிட்டு ஓடிவிட்டது.

என் இடுப்பு போனது இப்படித்தான். பயமில்லாத ஆட்டின் பாரமெல்லாம் ஆள்மேல்தான் விழுகிறது.

நேர்ச்சைக் கிடாயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செவலை நிறம், கொம்பு அப்போதுதான் வளைய ஆரம்பித்திருந்தது. கயிறு கட்ட வேண்டிய வேலையே இல்லை. நேராக வீட்டுக்குள் வந்து, ஃபேனுக்குக் கீழே, நான் படுக்கிற பாயில் உட்கார்ந்துவிட்டது.

“வாங்க மாப்ளை, காப்பி போடவா?” என்றாள் சொர்ணக்கிளி. அன்றிலிருந்து அதன் பேர் மாப்ளை. நேர்ச்சைக் கிடாய்க்குப் பேர் வைக்கக்கூடாது என்று நான் சொன்னேன். “நான் எங்கய்யா பேரு வச்சேன், மரியாதை குடுத்தேன்” என்றாள்.

தீவனத்தையும் கொட்டகையிலிருந்தே எடுத்துவந்து போட்டேன். அதற்குப் பழகிய வயிறு, வேறு எதைத் தின்னும்?

* * *

ஆடி மூன்றாம் வெள்ளி, காலையில் கருப்பு கோயில் திடலில் இருபத்தாறு கிடாய் நின்றன. இருபத்தாறு குடும்பத்து நேர்ச்சை. எல்லாமே கொட்டகைக் கிடாய்கள். மாலையைப் போட்டால் மாலையைத் தின்றுகொண்டு நின்றன.

எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். கிடாயைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, அதன் தலையிலும் முதுகிலும் பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாயும் சரி என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டவே கூடாது. அப்படி வெட்டினால் நேர்ச்சை செல்லாது, அது வெறும் கொலை.

வீரணன் பூசாரி முதல் கிடாய்க்குத் தண்ணீர் ஊற்றினார். அது நாக்கை நீட்டி மூக்கில் வழிந்ததை நக்கிக்கொண்டது.

இன்னொரு செம்பு ஊற்றினார். கிடாய் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

“குளிக்க வந்திருக்குதாம்லே” என்று கூட்டத்தில் எவனோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது கிடாய் வரைக்கும் சிரிப்பு இருந்தது. பத்தாவதில் நின்றுவிட்டது. பம்பை அடிக்கிறவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ்கட்டி போட்டு ஊற்றிப் பார்த்தார்கள். காதில் ஊதிப் பார்த்தார்கள். இருபத்தாறில் ஒன்றுகூட ஒரு மயிரைச் சிலுப்பவில்லை. மாப்ளை கடைசியாக நின்றது. தண்ணீர் விழுந்ததும் பூசாரியின் வேட்டி நுனியைச் சவைக்க ஆரம்பித்தது.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். “சாமி வாயைத் திறக்க மாட்டேங்குது. கிடாய் வெட்டாம காப்பை அவுக்க முடியாது. யாரும் ஊரைத் தாண்டாதீங்க.”

அதோடு எல்லாச் சிரிப்பும் அடங்கிவிட்டது. திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தவன், சென்னைக்கு டிக்கெட் எடுத்தவன், மறுநாள் பரீட்சை இருக்கிற பிள்ளை எல்லோரும் கையில் மஞ்சள் காப்போடு மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். தனபால் முதலாளியைப் பார்த்தார்கள்.

“காசைத் திருப்பிக் குடுங்க. சாமி ஏத்துக்காத கிடாயை எங்க தலையில கட்டிட்டீங்க.”

முதலாளி தீவனக் கம்பெனி டாக்டரை அழைத்து வந்திருந்தார். ஹேமலதா என்று பேர், அனுசுயாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். கொட்டகைக்கு மாசம் ஒரு தடவை வந்து ஆட்டின் ரத்தம் எடுப்பாள். எங்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

“இதுல சாமி குத்தமெல்லாம் இல்லைங்க,” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “பச்சைத் தண்ணி திடீர்னு மேல பட்டா ஆடு திடுக்கிடும். அந்தத் திடுக்குலதான் சிலுப்பும். இந்த ஆடுகளுக்குத் திடுக்குங்கிறதே கிடையாது. அமைதியா நிக்குது. அதுக்கு முழுச் சம்மதம்னுதானே அர்த்தம்?”

பூசாரி யோசித்தார். “சம்மதம்னா இருக்கட்டும் தாயி. நாங்க கேட்டுட்டு நிக்கிறோம். இது பதில் சொல்லாம நிக்குது. இப்ப எம்மவன்ட்ட நூறு ரூவா குடுறான்னு கேக்குறேன். அவன் காதுல மெசினை மாட்டிக்கிட்டுப் பேசாம இருக்கான். குடுத்துட்டான்னு எடுத்துக்க முடியுமா?”

“சரி, பயந்து சாகுறது மட்டும் நல்லதா?” என்றாள் டாக்டர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “நீங்க யாராவது பட்டணத்துல ஆடு அறுக்கிற இடத்துக்குள்ள போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். முன்னால நிக்கிறதை அறுக்கிறதைப் பாத்துக்கிட்டே, பின்னால நிக்கிறது மூத்திரம் போகும். அதைப் பாத்துட்டு வந்துதான் இந்தத் தீவனத்தைக் கண்டுபிடிக்கவே ஒக்காந்தேன்.”

பூசாரி சொன்னதும் சரியாக இருந்தது, அந்தப் பிள்ளை சொன்னதும் சரியாக இருந்தது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. உலையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

சொர்ணக்கிளி என் காதருகே முணுமுணுத்தாள். “எனக்கு ஒண்ணு தெரியணும்யா. தலையைச் சிலுப்புனா சரின்னு அர்த்தம்னு யாரு சொன்னது? எங்கப்பன் மாட்டேன்னு சொல்றப்ப அப்படித்தான் சிலுப்புவாரு.”

“வாயை மூடு” என்றேன்.

* * *

அன்று மத்தியானமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். டாக்டரும் இருந்தாள்.

“தவசி, இந்த இருபத்தாறையும் பழைய காட்டுப் பட்டியில கொண்டுபோய் அடை. தீவனத்தை நிறுத்திரு. கொழை, கடலைக்கொடி, தவிடு, ஒங்க அப்பன் பாட்டன் எதைப் போட்டானோ அதைப் போடு. ஒரு வாரத்துல பயம் திரும்பிரும்னு டாக்டர் சொல்லுது. வர்ற வெள்ளிக்கிழமை இருபத்தாறும் சிலுப்பணும்.”

“சரிங்கய்யா.”

“சிலுப்பிருச்சுன்னா ஒங்கடன் முழுசும் தள்ளுபடி. பெட்டி வாயாலயே சொல்ல வைக்கிறேன்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். தொண்ணூற்று ஏழாயிரத்துச் சொச்சம். அதை அடைக்க, தின்னாமல் குடிக்காமல் கூலியை அப்படியே கொடுத்தாலும் வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அனுசுயாவை நர்சிங் படிப்பில் சேர்க்க முடியாது. கடன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எந்த பேங்கும் படிப்புக் கடன் தருவதில்லை. அந்தப் பெட்டி எல்லா பேங்குக்கும் சொல்லிவிடும்.

“ஒருவேளை ஒண்ணு ரெண்டு சிலுப்பாமப் போனா...?”

“இருபத்தாறும்னு சொன்னேன்.”

“சரிங்கய்யா.”

வெளியே வந்தபோது டாக்டர் பின்னாலேயே வந்தாள். “அண்ணே, ஒண்ணு சொல்றேன். பயம் கொஞ்சம் கொஞ்சமா வராது. பொறந்ததுல இருந்து அடைச்சு வச்சது மொத்தமா வரும். எதைப் பாத்துப் பயப்படணும்னு அதுகளுக்குச் சொல்லிக்குடுக்கத் தாயும் இல்ல. பாத்துக்கங்க.”

“நான் எதைம்மா பாத்துக்க? சாகறதுக்கு முந்தி பயப்படக் கத்துக்குடுங்குறாங்க. இதுக்கு முந்தி பயப்படாம இருக்கக் கத்துக்குடுத்தீங்க. ஆடு பாவமா, நான் பாவமா?”

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டியில் முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. குழையை மோந்து பார்த்துவிட்டு, தீவனம் எங்கே என்று என் பையைத் துழாவின. வயிறு காய்ந்த பிறகுதான் வேண்டாவெறுப்பாகக் கடித்தன. அப்புறம் ஒரு காலையில் காக்கை ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்து கத்தியது. இருபத்தாறு ஆட்டின் கழுத்துப் பட்டையும் ஒன்றாகச் சிவப்பாகிவிட்டன.

அதற்கப்புறம் எல்லாமே சிவப்புதான். காற்றில் பாலிதீன் பை பறந்தால் பயம். தன் நிழலைப் பார்த்துப் பயம். ஒன்று தும்மினால் மற்றதெல்லாம் சுவரில் முட்டும். கண்ணில் வெள்ளை தெரிய, வாயில் நுரை தள்ள, இரவு பகல் நடுங்கின. சாதாரணமாக ஆடு என்றால் நாயைக் கண்டு பயப்படும், பக்கத்தில் தாய் நின்றால் அடங்கும். இதுகளுக்கு எதில் ஆரம்பித்து எதில் முடிப்பது என்று தெரியவில்லை. பட்டைகள் ஓயாமல் பீப் பீப் என்று கத்த, அந்தச் சத்தத்துக்கும் பயந்தன. கடைசியில் நான் எல்லாவற்றையும் கழற்றி ஒரு வாளியில் போட்டு மூடிவைத்தேன்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதுகள் பயப்படவில்லை. எனக்கு. நான் உள்ளே போனால் போதும், இருபத்தாறும் என் காலுக்கிடையில் நுழையப் பார்க்கும். நின்றால் நிற்க விடாது, உட்கார்ந்தால் மடியில் ஏறும். மாப்ளை என் முழங்கால் மடிப்பில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். அதன் நெஞ்சு அடிப்பது என் காலில் தெரியும்.

முதலாளி ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். “ஒன்னைக் கண்டும் பயப்படணும்யா. ஒரு கம்பெடுத்து விரட்டு. பயம் நல்லா ஊறட்டும்.”

“சரிங்கய்யா” என்று கம்பை எடுத்து ஓங்கினேன். பயந்துபோய் எல்லாம் ஓடின. எங்கே ஓடின என்று நினைக்கிறீர்கள்? கம்பைப் பிடித்திருக்கிற என்னிடமே ஓடிவந்து, எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் கம்பைக் கீழே போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முதலாளி கடன் கொடுத்தவர். டாக்டர் நல்லது நினைத்தவள். சாமி பிள்ளையைக் காப்பாற்றியது. ஆடு என்ன செய்யும். எல்லோரும் நல்லவர்களாக இருந்துவிட்டால் வைவதற்குக்கூட ஆள் கிடைப்பதில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த சொர்ணக்கிளி, மாப்ளை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியை இறக்கிவைக்காமலே நின்றாள்.

“பேசாம பழைய தீவனத்தையே போட்றலாமாய்யா?”

“போட்டா சிலுப்பாது. நேர்ச்சை நிக்கும். கடனும் நிக்கும். அனுசுயா மொதலாளி கொட்டகையில சாணி அள்ளுவா. போடவா?”

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். மாப்ளையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ ரெண்டு கவளம் அந்தத் தீவனத்தைத் தின்னு பாரு. அவரு முன்னால நிக்கிறப்ப இந்த நடுக்கமாச்சும் போகும்” என்றாள்.

“எனக்கென்ன நடுக்கம்?”

“வாயைத் தொறந்தா சரிங்கய்யா, சரிங்கய்யா. வேற என்ன வருது ஒனக்கு?”

* * *

வெள்ளிக்கிழமை காலை திடலில் கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். காப்பு கட்டி அடைபட்ட எரிச்சல் எல்லோர் முகத்திலும் இருந்தது. பம்பை சத்தம் கேட்டதும் கிடாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது.

முதல் கிடாய்க்குப் பூசாரி செம்பைத் தூக்கினார். தண்ணீர் விழுவதற்கு முன்பே அது உடம்பு முழுக்கச் சிலுப்பியது. ஜனங்கள் குலவையிட்டார்கள். அரிவாள் இறங்கியது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பூசாரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “கேக்குறதுக்கு முந்தியே சிலுப்புதே. இதை எதுல சேக்குறது?”

“ஏ பூசாரி, சிலுப்பாட்டியும் குத்தம், சிலுப்புனாலும் குத்தமா?” என்று கத்தினான் திருப்பூர்க்காரன். “வெட்டுங்கய்யா. எனக்கு வேலை போயிரும்.”

அதற்கப்புறம் பூசாரி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தண்ணீர், சிலுப்பல், குலவை. தண்ணீர், சிலுப்பல், குலவை. ஹேமலதா டாக்டர் புளியமரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளை யார் வரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கடைசியாக என் முறை. மாப்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ரத்த வாடைக்கு அது நடுங்கிக்கொண்டுதான் வந்தது. நான் நின்றதும் வழக்கம்போல என் முழங்கால் மடிப்பில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது. நடுக்கம் நின்றுவிட்டது.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அதன் முதுகில் ஓடி என் காலில் வழிந்தது. மாப்ளை அசையவில்லை.

இன்னொரு செம்பு. அசையவில்லை.

கூட்டம் முணுமுணுத்தது. முதலாளி முன்வரிசையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “என்ன தவசி, இதுக்கு மட்டும் ஒளிச்சு தீவனம் போட்டியா?”

“இல்லைங்கய்யா. சத்தியமா இல்ல.”

பூசாரிக்கு விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “நீ நிக்கிற வரைக்கும் அது சிலுப்பாதுப்பா. கொஞ்சம் தள்ளிப் போ.”

நான் சொர்ணக்கிளியைத் தேடினேன். அனுசுயாவைத் தன் முன்னால் நிறுத்தி, அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அவள் பேசாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

ஒரு எட்டு பின்னால் வைத்தேன். மாப்ளையும் ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. அதுவும் வந்தது. “கயித்தைப் பிடிங்கப்பா” என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் திரும்பிக்கொண்டு நடந்தேன். கோயில் சுவருக்கு அந்தப்பக்கம், குதிரைச் சிலைக்குப் பின்னால் போய் நின்றேன். மாப்ளை என்னைக் கூப்பிட்டது. ஆடு கத்துவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பசிக்குக் கத்துவது வேறு, பயத்துக்குக் கத்துவது வேறு. இது வேறு. சந்தைக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை கத்துமே, அது.

செம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குலவை.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியாது. என்னைத் தேடிக்கொண்டு வந்தது ஹேமலதா டாக்டர். கண் சிவந்திருந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

“நான் என்ன பண்ணியிருக்கணும்ணே?” என்றாள்.

“தெரியலம்மா. எனக்கே தெரியல.”

திடலுக்குத் திரும்பியபோது காப்பு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே சிரிப்பும் புகையுமாக இருந்தது. முதலாளி என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“கையில வித்தை வச்சிருக்கேய்யா நீ. பன்னெண்டு ஊருல இருந்து கேட்டாச்சு. எல்லாக் கோயில்லயும் இதே பிரச்சினையாம். இனிமே நேர்ச்சைக் கிடாயின்னே தனியா போடப்போறோம். கடைசி வாரம் ஒங்கிட்ட விட்டு, கொழையைப் போட்டு, பயத்தை ஏத்தி அனுப்புறது. டாக்டரைக் கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. அது கெடக்கு. ஆட்டுக்கு ஆயிரம் ரூவா ஒனக்குத் தாரேன். என்ன சொல்ற?”

சரிங்கய்யா என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம் அப்படி. கட்டாயப்படுத்தி அதை விழுங்கினேன்.

“மொதல்ல பெட்டியைச் சொல்லச் சொல்லுங்கய்யா.”

“அதெங்க ஓடிரும்? நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே அமுக்கிர்றேன்.”

“அதைச் சொல்லச் சொல்லிட்டுக் கேளுங்க.”

பக்கத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வீரணன் பூசாரியும் பார்த்தார். பேச்சு ஊர் முன்னால் வந்துவிட்டது. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெட்டியில் கட்டைவிரலை வைத்தார்.

சொர்ணக்கிளி அனுசுயாவோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். பெட்டி என் முகத்தைப் பார்த்தது. அதே குரல், அதே இனிமை.

“தவசி. நிலுவை ஏதுமில்லை. நன்றி.”

“இப்பச் சொல்லுய்யா,” என்றார் முதலாளி. “வர்றியா?”

“மாட்டேங்கய்யா” என்றேன்.